ஏற்காவிட்டால் என்ன விளைவு

ஜூன் 10, செவ்வாய். இன்றைய பிழை: திருத்த விண்ணப்பத்தின் முகப்புத் தாளில் ஒன்பதாம் கட்டத்தை நிரப்பாமல் அனுப்பிவிட்டேன். மூன்று முறை சரிபார்த்தும் கண்ணில் படவில்லை. நாளைய வேலை: கட்டத்தை நிரப்பி, தாளுக்குப் புதிய எண் வாங்கி, மதியம் மூன்று மணிக்குள் மறுபடி ஏற்ற வேண்டும்.

மாலை வகுப்பு நோட்டைப் பின்பக்கமாகத் திருப்பி, தினமும் ஒரு பிழை, ஒரு வேலை என்று எழுதி வைப்பது அவள் வழக்கம். முன்பக்கத்திலிருந்து பாடம் வரும், பின்பக்கத்திலிருந்து தவறுகள் வரும். இரண்டும் நடுவில் முட்டிக்கொள்ளும் அன்று நோட்டு தீர்ந்துவிடும். இந்த நோட்டில் தவறுகள்தான் முந்திக்கொண்டிருந்தன.

பகலில் அவள், தொலைபேசி வலையமைப்புகளுக்கு மென்பொருள் எழுதும் ஒரு சிறிய நிறுவனத்தில் சோதனையாளர். ஆவணத்தில் 5.3.2.1 என்று இருக்க வேண்டிய இடத்தில் 5.3.21 என்று இருந்தால் அடுத்த அறையிலிருந்துகூட எழுந்து வந்து சொல்லிவிட்டுப் போவாள். அதனால் அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் புள்ளி. அந்தப் புள்ளிதான் ஒரு முழுக் கட்டத்தையே கோட்டை விட்டிருந்தாள். கட்டத்தின் தலைப்பு: ‘ஏற்காவிட்டால் என்ன விளைவு.’

செவ்வாய்க்கிழமை காலை தரநிலைக் கூட்டத்தில் அவைத்தலைவி அந்தத் தாளைத் திரையில் பெரிதாகக் காட்டினார்.

“ஏத்துக்காட்டி ஒரு விளைவும் இல்லையா? அப்ப எதுக்கு ஏத்துக்கணும்?”

மண்டபத்தில் நூற்றுச் சொச்சம் பேர் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. காலையிலிருந்து நாற்பது தாள் பார்த்த அலுப்பில், கிடைத்த சாக்குக்குச் சிரித்த சிரிப்பு. ஆனால் புள்ளிக்குக் காது மடல் வரை சுட்டது. பக்கத்து இருக்கையிலிருந்த அவளுடைய பிரிவுத் தலைவர் வாயைப் பொத்திக்கொண்டு, “இன்னிக்கு நம்ம புள்ளி பெரும்புள்ளி ஆயிடும்னு நினைச்சேன். ஆயிடுச்சு,” என்றார்.

அந்தக் கூட்டத்துக்கு அவளை அனுப்பியதே இந்த முறை அது அவள் ஊரில், ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த விடுதியில் நடந்ததால்தான். ஒரே பஸ்ஸில் போய்விடலாம். வெளியூராக இருந்திருந்தால் பிரிவுத் தலைவர் மட்டும் போயிருப்பார்.

தரநிலைக் கூட்டம் என்றால் என்ன என்று அக்கா ஒருமுறை கேட்டபோது அவள் இப்படிச் சொல்லிப் பார்த்தாள்: “நீ பேசற போனை ஒருத்தன் செய்யறான். அது போற வழியை இன்னொருத்தன் போடறான். அந்தப் பக்கம் எடுக்கறவங்களோடது மூணாவது ஒருத்தன். ஒருத்தன் மூஞ்சி ஒருத்தனுக்குத் தெரியாது. ஆனா மணி அடிக்குதில்ல? அதுக்கு ஒரு புஸ்தகம் இருக்கு. அதுல ‘கட்டாயம்’னு போட்டிருந்தா எல்லாரும் செய்வாங்க. ‘விருப்பம் இருந்தா செய்யலாம்’னு போட்டிருந்தா ஒருத்தனும் செய்ய மாட்டான்.”

“நம்ம வீட்ல பாத்திரம் கழுவற மாதிரி,” என்றாள் அக்கா.

இதைவிட நன்றாக அவளுடைய மாலை வகுப்பில்கூட யாரும் சொன்னதில்லை.

போன அக்டோபரில் ஒரு திங்கள்கிழமை. முப்பது வருடம் லிஃப்ட் பழுது பார்த்து ஓய்வு பெற்ற அப்பா மதியம் வீட்டில் தனியாக இருந்தார். வலது கை மரத்துப் போனது. இடது கையால் அவசர உதவி எண்ணை அழுத்தினார். “ஹலோ” என்றார். அதற்குள் இணைப்பு அறுந்தது. உதவி மையத்தில் இருந்த பெண் உடனே திரும்ப அழைத்தார். பதினோரு நிமிடத்தில் நான்கு முறை அழைத்தார். அப்பாவின் தொலைபேசி ஒருமுறைகூட ஒலிக்கவில்லை.

ஏனென்றால் அதற்கு இரண்டு மாதம் முன்பு, கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று நாள் முழுக்கப் பிடுங்கி எடுத்த அழைப்புகளைத் தாங்க முடியாமல் அப்பா புலம்பியபோது, தெரியாத எண்கள் எல்லாம் நேராகக் குரல் பெட்டிக்குப் போகும்படி திருப்பி வைத்தது புள்ளிதான். ஐந்து நிமிட வேலை. அன்று அதைத் தன் கெட்டிக்காரத்தனங்களில் ஒன்றாகக்கூட எண்ணிக்கொண்டாள்.

எந்த அலைபேசிக் கோபுரத்தின் எல்லையிலிருந்து அழைப்பு வந்தது என்பது மட்டும் மையத்துக்குத் தெரியும். அந்த எல்லைக்குள் நாலாயிரம் வீடு. ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராக இருந்த அக்கா வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தபோது இரண்டு மணி நாற்பது நிமிடம் போயிருந்தது. “கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா” என்று டாக்டர் தொடங்கி, அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.

அப்பா பிழைத்தார். பேச்சுத்தான் போயிற்று. முழுக்கப் போகவில்லை, ஒரே ஒரு வார்த்தை மிஞ்சியது. “சரி.” காபி வேண்டுமா என்றால் சரி. வேண்டாமா என்றாலும் சரி. தான் சொல்ல நினைத்தது அது இல்லை என்பது அவருக்கே தெரியும். சில நாள் இடது கையால் நாற்காலியைக் குத்திக்கொண்டே, “சரி, சரி, சரி” என்று கத்துவார்.

அதன் பிறகுதான் புள்ளி புத்தகத்தைப் புரட்டினாள். அவசர அழைப்பு அறுந்து, மையம் திரும்ப அழைத்தால், எந்தத் திருப்பிவிடலையும் மீறி அந்த அழைப்பை உள்ளே விடலாம் என்று அதில் ஒரு பத்தி இருக்கத்தான் இருந்தது. கடைசி வரியில் மட்டும், ‘இது அந்தந்த வலையமைப்பின் விருப்பத்துக்கு உட்பட்டது.’ அவள் தேடிய வரையில் விருப்பப்பட்ட வலையமைப்பு ஒன்றுகூட இல்லை.

வேலை நேரம் போக ஒன்பது நாளில் ஆய்வகத்தில் அதைச் செய்து பார்த்தாள். மையத்திலிருந்து வரும் அழைப்புக்கு ஒரு குறி. அவசர எண்ணை அழைத்தவரின் தொலைபேசி, அடுத்த அரைமணி நேரம் அந்தக் குறியுள்ள அழைப்பை எங்கும் திருப்பாது, ஒலிக்கும். மேசை மேல் இருந்த சோதனைத் தொலைபேசி ஒலித்தது. எடுக்காமல் அது ஒலிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் ஓர் ஆய்வகத்தில் ஒலித்து என்ன? குறியை மையத்தின் வலையமைப்பு போட வேண்டும், நடுவில் இருப்பவன் அதை உதிர்க்காமல் கொண்டுவர வேண்டும், மூன்றாமவன் அதற்கு மதிப்புக் கொடுக்க வேண்டும். மூவரும் ஒன்றாகச் செய்ய வேண்டுமென்றால் ‘விருப்பம்’ என்ற இடத்தில் ‘கட்டாயம்’ வர வேண்டும். அந்த ஒரு மாற்றத்துக்குத்தான் விண்ணப்பம். பிரிவுத் தலைவரின் கையெழுத்து வாங்க ஐந்து மாதம் நடந்தாள். எழுதியவர் என்ற இடத்தில் தன் பெயரைப் போடச் சொல்லிக் கேட்டதும் அவள்தான்.

புதன்கிழமை மதியம் விடுதியின் தாழ்வாரத்தில், சுவரோரம் இருந்த மின்செருகிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஒன்பதாம் கட்டத்தை நிரப்பினாள். முதலில் எழுதியது: ‘ஒருவர் பேச்சை இழப்பார்.’ அழித்தாள். இது புத்தகம், ஒப்பாரி இல்லை. இரண்டாவதாக எழுதியது நின்றது. பிரிவுத் தலைவர் குனிந்து படித்தார்.

‘அவசர உதவி மையம் திரும்ப அழைக்கும்போது, ஆபத்தில் இருப்பவரின் தொலைபேசி ஒலிக்காது.’

“ஒலிக்காதுன்னா? எப்பவுமேவா?”

“இல்ல சார். திருப்பிவிட்டிருந்தா மட்டும்.”

“அப்ப அதைச் சொல்லு. ‘சில அரிதான சந்தர்ப்பங்களில் ஒலிக்காமல் போகக்கூடும்.’ இப்பப் பாரு, வழவழன்னு இருக்கா? கல்லு மாதிரி வெச்சா எவனாவது தடுக்கி விழுந்துட்டு நம்மைத் திட்டுவான்.”

அரிதா? அவளிடம் புள்ளிவிவரம் இல்லை. தெரிந்தது ஒரே ஒரு சம்பவம். ஒரே ஒரு சம்பவத்தை அரிது என்று சொல்வதில் தப்பென்ன என்று அவளுக்கே தோன்றியது. அவர் பதினைந்து வருடமாக இந்தத் தாள்களோடு கிடப்பவர். அவள் வந்து மூன்று வருடம். அவர் சொன்னபடியே தட்டச்சு செய்து, இரண்டு நாற்பத்தொன்றுக்கு ஏற்றினாள். புதிய எண் வந்தது.

வியாழன் கடைசி நாள். அன்று மாலையோடு புத்தகத்தின் இந்தப் பதிப்பை மூடி முத்திரை வைத்துவிடுவார்கள். உள்ளே வராதது அடுத்த பதிப்புக்குக் காத்திருக்க வேண்டும், பதினெட்டு மாதம்.

அந்த மண்டபத்தில் ஓட்டெடுப்பு கிடையாது. ஒவ்வொருவர் முன்னாலும் நிறுவனத்தின் பெயர்ப்பலகை படுத்துக் கிடக்கும். பேச வேண்டியவர் அதை நிமிர்த்தி வைப்பார். யாரும் நிமிர்த்தாவிட்டால் தாள் தேறும். ஒரே ஒருவர் நிமிர்த்தி மறுத்தாலும் தாள் படுத்துவிடும். எல்லாரையும்விட அதிகமாக நிமிர்த்தியவர், நாட்டிலேயே பெரிய வலையமைப்பிலிருந்து வந்தவர். இருபத்திரண்டு வருடமாக வருகிறார். வயிறு குலுங்கச் சிரிப்பார், சிரித்த கையோடு பலகையை நிமிர்த்துவார். அவருக்கு எல்லாரும் வைத்த பெயர் ஆட்சேபம். அந்தப் பெயர் அவருக்கும் பிடித்துப்போய், புதிதாக வந்தவர்களிடம் தன்னை அப்படித்தான் அறிமுகம் செய்துகொள்வார்.

பதினோரு மணி இடைவேளையில் கண்ணாடிக் கதவு வழியாக, காபி எந்திரத்துக்குப் பக்கத்தில் பிரிவுத் தலைவரும் ஆட்சேபமும் நிற்பதைப் புள்ளி பார்த்தாள். பிரிவுத் தலைவர் கையில் அன்றைய பட்டியல் இருந்தது. விரலால் அதில் எதையோ தொட்டுக் காட்டினார். ஆட்சேபம் தோளைக் குலுக்கினார்.

திரும்பி வந்து உட்கார்ந்ததும் பிரிவுத் தலைவர், “முடிச்சுட்டேன்,” என்றார்.

“எதை சார்?”

“நம்ம விளம்பரப் படத்துக்குக் குறுக்க வர மாட்டாங்க.”

விளம்பரப் படம் என்பது நிறுவனத்தின் இன்னொரு விண்ணப்பம். ஒருவர் அழைத்துவிட்டு, எதிர்முனையில் மணி ஒலிப்பதைக் கேட்டுக் காத்திருக்கும் நேரத்தில், அவர் திரையில் விளம்பரம் ஓடும். ஆட்சேபம் அதை இரண்டு கூட்டத்தில் படுக்க வைத்திருந்தார்.

“நல்லது சார்.”

“பதிலுக்கு உன்னோடதை இந்தத் தடவை விட்டுடறோம்.”

அவளுக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் முதலில் கேட்டது இதுதான்: “அவர் எதிர்க்கறேன்னு சொன்னாரா?”

“அவர் எதைத்தான் எதிர்க்கல? பேரே அதுதானே.”

“ஆனா சார், பதில் எல்லாம் தயாரா வெச்சிருக்கேன். குறியை யாராவது போலியாப் போட்டா என்னன்னு கேட்டா, பகுதி ஆறுல...”

“புள்ளி, இங்க பாரு. எப்படியும் சாயப்போற மரம். சாயறதுக்கு முன்னாடி வெட்டினா விறகாவது மிஞ்சும். நம்ம ஆபீஸ்ல முப்பது பேரோட வேலை அந்தப் படத்துல இருக்கு. அதுல உன்னோடதும் ஒண்ணு. பதினெட்டு மாசம் கண்ணை மூடித் திறந்தா ஓடிடும்.”

“எங்கப்பாவுக்கு...” என்று தொடங்கினாள்.

“தெரியும்மா. எனக்குத் தெரியாதா? இந்தத் தாளாலே அவருக்குப் பேச்சு திரும்பவா போகுது?”

“அப்ப நீங்களே சொல்லிடுங்க சார்,” என்றாள்.

“பேர் உன்னுது. பேர் போட்டவங்கதான் பேசணும், அது விதி. விதியெல்லாம் எனக்கே நீதான் சொல்லித் தருவ.”

பன்னிரண்டு இருபதுக்கு அவளுடைய எண் வந்தது. அவைத்தலைவி ஒன்பதாம் கட்டத்தை உரக்கப் படித்தார். “சில அரிதான சந்தர்ப்பங்களில் ஒலிக்காமல் போகக்கூடும். சரி, நிரப்பிட்டாங்க. யாருக்காவது கருத்து இருக்கா?”

புள்ளி பலகைகளைப் பார்த்தாள். வரிசை வரிசையாக எல்லாம் படுத்துக் கிடந்தன. ஆட்சேபத்தின் பலகையும் படுத்திருந்தது. அவர் தன் மடிக்கணினியில் எதையோ படித்துத் தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தார். பேரம் முடிந்ததால்தான் படுத்திருக்கிறது என்று கணக்குப் போட்டாள். நான் வாயைத் திறந்து என் தாளை விட்டுக் கொடுக்காவிட்டால் அது எழுந்து நிற்கும். எழுந்தால் என் தாளும் போகும், சாரின் தாளும் போகும், முப்பது பேரும் என் முகத்தில்தான் விழிப்பார்கள். ஒருவேளை எழாமலே இருந்தால்? அந்த ஒருவேளையை அவளால் நம்ப முடியவில்லை. தன்னுடைய எந்த ஒருவேளையையும் அவள் இதுவரை நம்பியதில்லை.

பிரிவுத் தலைவர் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

மைக்கின் பொத்தானை அழுத்தினாள். சிவப்பு வளையம் எரிந்தது. “இந்த விண்ணப்பத்தை... குறித்துக்கொண்டால் போதும். எங்களுக்குச் சரி.”

அவைத்தலைவி கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். “யாரும் மறுக்கலியேம்மா. நிச்சயமாத்தான் சொல்றீங்களா?”

“சரி,” என்றாள் புள்ளி.

“குறித்துக்கொள்ளப்பட்டது,” என்று மரச்சுத்தியலைத் தட்டினார் அவைத்தலைவி. அந்த மண்டபத்தில் ஒரு தாளுக்குக் கிடைக்கக்கூடிய தீர்ப்புகளிலேயே மரியாதையான சாவு அதுதான். படித்தோம், பார்த்தோம், யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. அடுத்த எண்ணுக்குப் போன பிறகும் மண்டபத்து ஒலிபெருக்கியில் யாரோ மூச்சு விடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. “மைக்கை அணைங்கம்மா,” என்றார் அவைத்தலைவி. அது தன்னுடைய மூச்சு என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

மூன்று பத்துக்கு விளம்பரப் படம் தேறியது. பிரிவுத் தலைவர் அவள் முதுகில் தட்டி, “நாளையிலேர்ந்து படத்துக்குச் சோதனைப் பொறுப்பு உன்னுது. பார்த்தியா, நான் மறக்கல,” என்றார்.

மாலையில் லிஃப்டில் அவளும் ஆட்சேபமும் மட்டும்.

“அந்த அவசர அழைப்புத் தாள் நீதானே? நல்லா எழுதியிருந்தம்மா. ஏன் விட்டுட்ட?”

அவள் அவரையே பார்த்தாள். “நீங்க மறுப்பீங்கன்னு...”

“நானா? எங்க ஆளுங்க போன வாரமே படிச்சுட்டு, இதுக்கு ஒண்ணும் சொல்ல வேண்டாம், போகட்டும்னுட்டாங்க. உங்க சார்தான் காபி எந்திரத்துக்கிட்ட வந்து, ‘எங்க தாள்ல எதை விட்டுக் கொடுத்தா படத்தை விடுவீங்க’ன்னார். நான் எதையும் கேக்கலம்மா. அவரே லிஸ்ட்டைப் பார்த்து இதைக் காட்டினார். வலிய வர்றதை எவனாவது வேண்டாம்பானா? எங்களுக்கு ஒரு வேலை மிச்சம்.”

“அப்ப படம்?”

“அதையும் இந்தத் தடவை விட்டுடலாம்னுதான் இருந்தோம். எத்தனை வருஷம்தான் ஒரே பலகையைத் தூக்கறது? தோள்பட்டை போயிடுச்சு.” வழக்கம்போல வயிறு குலுங்கச் சிரித்தார். கதவு திறந்தது. “அடுத்த தடவை கொண்டு வா. நான் ரிட்டயர் ஆயிருப்பேன். ஆனா நீ கொண்டு வா.”

அன்று அவள் மாலை வகுப்புக்குப் போகவில்லை.

வீட்டில் அக்கா, அப்பாவின் வலது கையைத் தன் மடியில் வைத்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். “என்னடி, ஏத்துக்கிட்டாங்களா?”

“குறிச்சுக்கிட்டாங்க.”

“அப்படின்னா?”

“படிச்சாங்கன்னு அர்த்தம்.”

“படிச்சுட்டு?”

“அவ்வளவுதான்.”

“எவன் வேண்டாம்னது?”

புள்ளி பையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். சொல்ல ஆட்கள் இருந்தார்கள். சார் இருந்தார், விதி இருந்தது. “யாரும் வேண்டாம்னு சொல்லல. என்னைக் கேட்டாங்க. நான் சரின்னுட்டேன்.”

தன் வார்த்தை காதில் விழுந்ததும் அப்பா நிமிர்ந்தார். “சரி?” என்றார்.

அக்கா நகவெட்டியை மேசையில் வைத்தாள். “அவருக்காவது வேற வார்த்தை வரல. உனக்கென்னடி கேடு?”

அக்கா அப்பாவின் தொலைபேசியை எடுத்தாள். குரல் பெட்டியில் எதையும் தொண்ணூறு நாளைக்கு மேல் வைக்க மாட்டார்கள். கேட்டுவிட்டு மறுபடி சேமித்தால் இன்னொரு தொண்ணூறு நாள். அதுவும் ஏதோ ஒரு புத்தகத்தில் கட்டாயம் என்று இருக்கும். இதுவரை இரண்டு முறை அக்கா உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அதைச் செய்திருந்தாள். புள்ளி ஒருமுறைகூடக் கேட்டதில்லை. இந்த முறை அக்கா தொலைபேசியை மேசை நடுவில் வைத்து, சத்தத்தைக் கூட்டினாள்.

“ஐயா, அவசர உதவி மையத்துலேர்ந்து பேசறோம். லைன் கட் ஆயிடுச்சு. எங்க இருக்கீங்க?”

“சரி,” என்றார் அப்பா.

“ஐயா, போனை எடுங்க. வீட்டு நம்பர் மட்டும் சொல்லுங்க, போதும்.”

“சரி.”

“ஐயா, கேக்குதா? பேச முடியலன்னா எதையாவது தட்டுங்க.”

அப்பா இடது கையால் மேசையைத் தட்டினார். இரண்டு தட்டு. நான்காவது செய்தியில் அந்தப் பெண் அவரோடு பேசவில்லை. பக்கத்தில் யாரிடமோ, “எடுக்க மாட்டேங்கறாங்க மேடம்,” என்பது மட்டும் கேட்டது.

“சரி,” என்றார் அப்பா, மெதுவாக.

அக்கா சேமிக்கும் பொத்தானை நான்கு முறை அழுத்தினாள். பிறகு அப்பாவின் மறு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

புள்ளி நோட்டைப் பின்பக்கமாகத் திருப்பினாள். தேதி போட்டாள். பிழை என்று எழுதிவிட்டு வெகு நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 12, வியாழன். இன்றைய பிழை: பேசி முடித்த பிறகு மைக்கை அணைக்க மறந்துவிட்டேன். நாளைய வேலை: விளம்பரப் படத் தரநிலை, பகுதி 5.4.1-க்குச் சோதனைப் பட்டியல் எழுத வேண்டும். மொத்தம் அறுபத்திரண்டு சோதனை. காலை ஒன்பதரைக்குத் தொடங்க வேண்டும். முதல் சோதனை: எதிர்முனையில் மணி ஒலிக்கும்போது படம் ஓடுகிறதா.